ஞாயிறு செய்து வைக்கும் டயட் சில்லி புதன்கிழமையே புளித்துவிடுகிறது, எங்கே தவறுகிறேன்?

மழைக்குருவி

எல்லோருக்கும் வணக்கம். எடையைக் குறைக்க ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. காலையும் இரவும் சமாளித்துவிடுகிறேன், மதியம்தான் முடியவில்லை. வேலைக்கு நடுவில் பசி எடுத்தால் கைக்கு எது கிடைக்கிறதோ அதைச் சாப்பிட்டுவிடுகிறேன். அதனால் வாரத்துக்கு ஒரு தடவை பெரிய பாத்திரத்தில் சில்லி செய்து வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ராஜ்மா, கொத்துக்கறி, தக்காளி எல்லாம் சேர்த்து மெதுவாகக் கொதிக்கவிட்டுச் செய்யும் அந்தக் கெட்டியான சில்லியைத்தான் சொல்கிறேன். புரதம் இருக்கிறது, நார்ச்சத்து இருக்கிறது, வயிறும் நிறைகிறது. ஒரே பாத்திரத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

இதுவரை நான்கு வாரம் செய்தாயிற்று. அதில் இரண்டு வாரம் புதன்கிழமை டப்பாவைத் திறந்ததும் புளித்த வாடை. அப்படியே கொட்டிவிட்டேன். அவ்வளவு உழைப்பையும் சாமானையும் கொட்டும்போது மனசு வலித்தது. ராஜ்மா வேறு எவ்வளவு நேரம் கொதித்தாலும் உள்ளே கட்டியாகவே இருக்கிறது. எண்ணெயையும் உப்பையும் குறைத்த பிறகு ருசியும் போய்விட்டது, மிளகாய்த்தூள் கரைத்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. முதல் தடவை ஒரு வெளிநாட்டுக் குறிப்பைப் பார்த்து மூன்று மேசைக்கரண்டி மிளகாய்த்தூள் போட்டுவிட்டேன், வாயில் வைக்க முடியவில்லை.

இன்னொன்று, செய்து வைத்தும் எடை இறங்கவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும். முன்கூட்டியே செய்து வைத்துப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

கல்சட்டி

முதலில் ஒன்று கேட்கிறேன். அடுப்பை அணைத்த பிறகு பாத்திரத்தை என்ன செய்கிறீர்கள்? எத்தனை மணிக்கு பிரிட்ஜுக்குள் போகிறது? அதைச் சொன்னால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

மழைக்குருவி

ஞாயிறு இரவு எட்டு மணிக்கு அணைப்பேன். சூடாக உள்ளே வைத்தால் பிரிட்ஜ் கெட்டுப்போகும் என்று சிறு வயதிலிருந்தே கேட்டுப் பழக்கம். அதனால் மூடி போட்டு அடுப்பின் மேலேயே விட்டுவிட்டு, காலையில் ஆறு மணிக்கு டப்பாவில் போட்டு உள்ளே வைப்பேன். ஐந்து லிட்டர் பாத்திரம். காலையிலும் லேசாக வெதுவெதுப்பு இருக்கும்.

ஆய்வுக்கூடம்

காலையிலும் வெதுவெதுப்பு இருக்கும் என்றீர்களே, அங்கேதான் சிக்கல். உணவுப் பாதுகாப்புத் துறையில் பல வருடம் வேலை பார்த்தவன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கொதித்தால் கிருமிகள் சாகும், ஆனால் சில கிருமிகளின் வித்துகள் சாகாது. இறைச்சியிலும் மசாலாவிலும் வரும் கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் அப்படி ஒன்று. கொதியில் மற்றவை அழிந்துபோகும், இந்த வித்துகள் மட்டும் காத்திருக்கும். பாத்திரம் ஆறத் தொடங்கி 60 டிகிரிக்குக் கீழே வந்ததும் முளைக்க ஆரம்பிக்கும். 43 முதல் 47 டிகிரி வரை இதற்கு மிகவும் பிடித்த சூடு, அந்தச் சூட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரே ஒரு கிருமி இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்தைத் தாண்டிவிடும். போதாததற்கு இதற்குக் காற்றும் ஆகாது. கெட்டியான குழம்பின் நடுப்பகுதி, மேலே மூடி, இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

உங்கள் பாத்திரம் அந்தப் பத்து மணி நேரத்தில் பெரும்பகுதி அந்தச் சூட்டு எல்லைக்குள் இருந்திருக்கிறது. புளிப்பு வாடை வந்தது ஒரு வகையில் நல்லது, அதனால்தான் கொட்டினீர்கள். ஏனென்றால் ஆளை வீழ்த்தும் கிருமிகள் பெரும்பாலும் வாடையே காட்டாது. மற்ற இரண்டு வாரமும் வாடை இல்லை என்பதால் அது நன்றாக இருந்தது என்று நினைக்க வேண்டாம்.

பெரிய சமையலறைகளில் நாங்கள் பின்பற்றும் அளவு இதுதான்: 60 டிகிரியிலிருந்து 21 டிகிரிக்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. வீட்டில் அதற்கு எளிய வழி ஆழத்தைக் குறைப்பது. கெட்டியான உணவு கனத்தில் இரட்டிப்பானால் ஆறும் நேரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். ஐந்து லிட்டர் பாத்திரத்தை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாத அகலத் தட்டுகளில் பிரித்து ஊற்றுங்கள். அவசரம் என்றால் தொட்டியில் ஐஸ் தண்ணீர் நிரப்பி அதற்குள் தட்டை வைத்துக் கிளறுங்கள், அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெரியும். ஆவி அடங்கியதும் சின்ன டப்பாவில் போட்டு உள்ளே வைத்துவிடலாம், கை சூடு போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சின்ன டப்பாக்களின் சூட்டை இன்றைய பிரிட்ஜ் தாங்கும். தாங்காதது ஐந்து லிட்டர் கொதிக்கும் பாத்திரத்தை அப்படியே தூக்கி வைப்பதைத்தான், அது பக்கத்தில் இருக்கும் பாலையும் சூடாக்கிவிடும். டப்பாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் முதல் சில மணி நேரம் இடைவெளி விட்டு வையுங்கள்.

நெடுநாள்வாசகி

காலையில் ஒருமுறை நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டால் சரியாகிவிடாதா? எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்வோம்.

ஆய்வுக்கூடம்

அக்கா, கிருமி சாகும், ஆனால் சில கிருமிகள் உணவிலேயே விட்டுச் செல்லும் நஞ்சு சாகாது. பேசில்லஸ் சீரியஸ் என்று ஒன்று இருக்கிறது, அது உண்டாக்கும் வாந்தி நஞ்சு குக்கர் சூட்டையே தாங்கும். இரவு முழுக்க வெளியே இருந்ததைக் கொதிக்கவைத்து மீட்க முடியாது. தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள், குறிப்பாக வீட்டில் சின்னக் குழந்தைகளோ வயதானவர்களோ இருந்தால்.

நெடுநாள்வாசகி

சரி தம்பி, புரிந்தது. இன்றிலிருந்து மாற்றிக்கொள்கிறேன்.

பச்சைமிளகு

ராஜ்மா வேகாததற்கு என் பதில். மழைக்குருவி, நீங்கள் தக்காளியையும் ராஜ்மாவையும் ஒன்றாகப் போட்டுக் கொதிக்கவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். தக்காளியின் புளிப்பு பயறின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கரையவிடாது. எவ்வளவு நேரம் வைத்தாலும் அது இளகாது. உப்புத்தன்மையுள்ள கிணற்றுத் தண்ணீர், கடினத் தண்ணீர் என்றால் இன்னும் மோசம், அதில் உள்ள கால்சியம் பெக்டினைக் கெட்டியாக்கிவிடும்.

ராஜ்மாவைத் தனியாக வேகவைத்து, முழுவதும் மிருதுவான பிறகுதான் தக்காளிக்குள் சேர்க்க வேண்டும். இது ஒன்றை மாற்றினாலே போதும்.

ஊறவைக்கும் தண்ணீரில் ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புப் போட்டு இரவு முழுக்க ஊறவையுங்கள். உப்புப் போட்டால் பயறு வேகாது என்று சொல்வார்கள், ஊறவைக்கும்போது நடப்பது நேர்மாறு. சோடியம் தோலில் இருக்கும் கால்சியத்தின் இடத்தைப் பிடித்து, தோலை இளக்கும். வெடிக்காமல் வெண்ணெய் மாதிரி வேகும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கழுவிவிடுவதால் உப்பின் பெரும்பகுதி போய்விடும். வயிற்றில் வாயு உண்டாக்கும் சர்க்கரைகளிலும் ஒரு பங்கு அந்தத் தண்ணீரோடு போகும்.

பயறு பழசாக இருந்தாலும் வேகாது. அலமாரியில் இரண்டு வருடம் கிடந்த பாக்கெட்டை எடுத்துப் பரிசோதிக்க வேண்டாம்.

கல்சட்டி

நேரம் இல்லாதவர்களுக்கு டின் பீன்ஸும், அதாவது டின்னில் அடைத்து வரும் வெந்த ராஜ்மாவும் நல்லதுதான். வடிகட்டி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். அதிலுள்ள சோடியத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் போய்விடும். டயட்டில் இருப்பவர்கள் அந்த இரண்டு நிமிடத்தை விட்டுவிடக் கூடாது.

ஈரவிறகு

ராஜ்மா பேச்சு வந்ததால் இதைச் சொல்லியே ஆக வேண்டும். மூன்று வருடம் முன்னால் ஸ்லோ குக்கர் வாங்கினேன். ஊறவைத்த ராஜ்மாவை அப்படியே போட்டு, குறைந்த சூட்டில் எட்டு மணி நேரம் வைத்துச் சில்லி செய்தேன். பயறு கொஞ்சம் நறுக்கென்று இருந்தது, பரவாயில்லை என்று சாப்பிட்டோம். இரண்டு மணி நேரத்தில் நானும் என் கணவரும் மாறி மாறி வாந்தி. இரவு முழுக்கத் தூங்கவில்லை. கறி கெட்டுப்போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "ராஜ்மா சாப்பிட்டீர்களா?" என்பதுதான்.

பச்சை ராஜ்மாவில் ஒரு நஞ்சு இருக்கிறது, பைட்டோஹீமாக்ளூட்டினின் என்று பெயர். நான்கைந்து பயறே ஒருவரை நோயாளியாக்கப் போதும். நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும், ஸ்லோ குக்கரின் இளம் சூட்டில் அழியாது. 80 டிகிரி அளவில் அரைகுறையாக வெந்தால் பச்சையைவிட நஞ்சு கூடக்கூடும் என்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதனால் ஸ்லோ குக்கர் வைத்திருப்பவர்கள் குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே அதில் போடுங்கள். சாதாரணக் குக்கரில் விசில் வைத்து மிருதுவாக வேகவைத்தால் கவலை இல்லை, அங்கே சூடு 100 டிகிரிக்கு மேலே போய்விடுகிறது. டின்னில் வருவதும் ஏற்கெனவே வெந்ததுதான்.

மழைக்குருவி

நல்லவேளை, நான் ஸ்லோ குக்கர் வாங்க விலை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விஷயம் பெட்டியில் எழுதியே இருக்க வேண்டும். ரொம்ப நன்றி ஈரவிறகு. எனக்கு வேகாமல் கட்டியாக இருந்தது என்று எழுதினேனே, அது அடுப்பில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நன்றாகக் கொதித்தது. அதில் ஆபத்து இல்லைதானே?

ஈரவிறகு

ஒரு மணி நேரம் தளதளவென்று கொதித்திருந்தால் அந்த நஞ்சு போயிருக்கும். உங்களுக்குப் பச்சைமிளகு சொன்ன தக்காளிப் பிரச்சினைதான்.

ஒருகைப்பிடி

எல்லோரும் ராஜ்மாவிலேயே நிற்கிறீர்கள். எடை குறைக்க வேண்டும் என்றால் பீன்ஸே வேண்டாம் என்பது என் கருத்து. அதில் மாவுச்சத்து அதிகம். உண்மையான சில்லியில் பீன்ஸ் கிடையாது, டெக்சாஸ்காரர்களைக் கேட்டால் அடிக்க வருவார்கள். கறி, மிளகாய், சீரகம், அவ்வளவுதான். நான் பீன்ஸ் இல்லாமல் செய்துதான் எட்டு கிலோ குறைத்தேன்.

கல்சட்டி

டெக்சாஸ் விஷயம் சரி. 1977-இல் அந்த மாநிலம் சில்லியைத் தன் அதிகாரப்பூர்வ உணவாகவே அறிவித்தது. அதற்கும் நூறு வருடம் முன்னால் சான் அன்டோனியோ சதுக்கங்களில் பெண்கள் மாலை நேரத்தில் பெரிய பாத்திரங்களில் விற்ற உணவு அது. பீன்ஸ் சேர்த்தால் அவர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்தான்.

ஆனால் எடை வேறு கேள்வி. வேகவைத்த ராஜ்மா 100 கிராமில் ஏறத்தாழ 127 கலோரி, 8 முதல் 9 கிராம் புரதம், 6 முதல் 7 கிராம் நார்ச்சத்து. கொழுப்பு ஒரு கிராம்கூட இல்லை. நூற்றுக்கு 20 பங்கு கொழுப்புள்ள மாட்டுக் கொத்துக்கறி பச்சையாக 100 கிராமில் 250 கலோரியைத் தாண்டும். பீன்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தைக் கொழுப்புக் கறியால் நிரப்பினால் டப்பாவில் கலோரி கூடுமே தவிரக் குறையாது. உங்களுக்குக் குறைந்தது என்றால் மற்ற மாவுப் பொருள்களையும் நிறுத்தியிருப்பீர்கள், அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒருகைப்பிடி

ஆமாம், மற்ற மாவுப் பொருள்களையும் நிறுத்தினேன், அதை எழுதவில்லை. மாவுச்சத்தை எண்ணிச் சாப்பிடுபவர்களுக்கு மட்டும் என் முறை பொருந்தும் என்று திருத்திக்கொள்கிறேன். பீன்ஸ் இடத்தில் காளானும் கத்தரிக்காயும் சிறுசாக நறுக்கிப் போடுவேன். கொழுப்பு குறைந்த கறியைத்தான் வாங்குவேன்.

தணிந்தநெருப்பு

என் பங்குக்கு ருசி. எண்ணெயைக் குறைத்தால் ருசி போய்விடும் என்பதை நான் ஏற்கமாட்டேன். போவது, எண்ணெயோடு சேர்த்து வதக்குவதையும் குறைத்துவிடுவதால்.

எட்டுப் பேர் சாப்பிடும் பாத்திரத்துக்கு ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் போதும், மொத்தமே 120 கலோரி, பிரித்தால் ஆளுக்கு 15. ஆனால் அந்த ஒரு கரண்டியை வீணாக்கக் கூடாது. கறியை முதலில் எண்ணெய் இல்லாமல் அகலமான, நன்றாகக் காய்ந்த பாத்திரத்தில் இரண்டு பங்காகப் பிரித்துப் போடுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு, கறி தன் சாற்றிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிடும். கிளறாமல் விடுங்கள். அடியில் பழுப்பு நிறம் பிடிக்க வேண்டும், அந்தப் பழுப்பில்தான் ருசி இருக்கிறது. எடுத்து வைத்துவிட்டு, அதே பாத்திரத்தில் எண்ணெய் விட்டு வெங்காயத்தைப் பொன்னிறத்தையும் தாண்டி வதக்குங்கள். அப்புறம் தக்காளி விழுது இரண்டு மூன்று கரண்டி. அது செங்கல் நிறத்துக்கு மாறி அடிபிடிக்கப் போகும் தருணம்வரை பொறுங்கள். பிறகு மசாலாத்தூள்கள், முப்பது வினாடி மட்டும். அவற்றின் வாசனை எண்ணெயில்தான் கரையும், நேரே தண்ணீரில் போட்டால் நீங்கள் சொன்ன மிளகாய்த் தண்ணீர்தான் கிடைக்கும். கடைசியில் கால் டம்ளர் தண்ணீர் விட்டு அடியில் ஒட்டியதை எல்லாம் சுரண்டி எடுங்கள்.

மூன்று கரண்டி மிளகாய்த்தூள் போட்டதற்கு நீங்கள் காரணம் இல்லை. அமெரிக்கக் குறிப்புகளில் சில்லி பவுடர் என்பது மிளகாயை மட்டும் அரைத்தது அல்ல. காரம் குறைந்த மிளகாய், சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் எல்லாம் சேர்ந்த கலவை. பல பாக்கெட்டுகளில் உப்பும் இருக்கும். அதற்குப் பதிலாகப் புகைவாசனை உள்ள பாப்ரிகா (காரம் குறைந்த சிவப்பு மிளகாய்த்தூள்) இரண்டு மேசைக்கரண்டி, சீரகத்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒன்று, ஓரிகானோ இரண்டு தேக்கரண்டி, நம் மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி என்று ஆரம்பியுங்கள். இனிப்பில்லாத கோகோ பவுடர் ஒரு மேசைக்கரண்டி போட்டுப் பாருங்கள். யாருக்கும் அது கோகோ என்று தெரியாது, குழம்புக்கு ஒரு ஆழம் வந்துவிடும்.

காளானை அரைத்தது போல நறுக்கிக் கறியோடு கலந்தால் பாதிக் கறியைக் குறைத்துவிடலாம், ருசி கூடும். உப்பை முதலில் பாதி மட்டும் போடுங்கள். மீதியைச் சுண்டிய பிறகு ருசி பார்த்துச் சேருங்கள், ஏனென்றால் சுண்டச் சுண்ட உப்பு ஏறிக்கொண்டே போகும். சாப்பிடும் நேரத்தில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் குறைந்த உப்பு குறையாகவே தெரியாது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. மொத்தப் பாத்திரத்துக்கு ஒன்றரைத் தேக்கரண்டி போட்டால் எட்டுப் பங்கில் ஆளுக்கு ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான் வரும்.

நெடுநாள்வாசகி

நான் கறி சாப்பிடுவதில்லை. என் அனுபவம் சைவர்களுக்கு உதவும். மீல் மேக்கர் என்கிறோமே அந்தச் சோயா, உலர்ந்த நிலையில் 100 கிராமில் பாதி புரதம்தான். வெந்நீரில் ஊறவைத்து, பிழிந்து, மிக்சியில் ஒரே ஒரு சுற்று சுற்றினால் கொத்துக்கறி மாதிரி உதிரும். பிழியாமல் போட்டால் பச்சை வாடை அடிக்கும், அதை மட்டும் மறக்காதீர்கள். தணிந்தநெருப்பு சொன்ன மாதிரி அதையும் பழுக்க வறுத்துத்தான் சேர்க்க வேண்டும். ராஜ்மாவோடு கருப்பு பீன்ஸையும் சேர்ப்பேன். பயறில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி வேண்டும், குடைமிளகாயையும் எலுமிச்சையையும் கடைசியில் சேர்ப்பது அதற்கும்தான்.

என் அம்மாவுக்குச் சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறது. பயறு, தக்காளி இரண்டிலும் பொட்டாசியம் அதிகம் என்பதால் அவருக்கு இதைக் கொடுக்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வீட்டில் அப்படி யாராவது இருந்தால் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இரவுப்பணி

எடை இறங்காததைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

இரவு வேலை எனக்கு. விடியற்காலை நான்கு மணிக்குப் பசிக்கும்போது யாருக்கும் அளந்து போட்டுக்கொள்ளும் பொறுமை இருக்காது. பசியோடு கரண்டியைப் பிடித்தால் கை தானாகவே கூடப் போட்டுவிடும். அதனால் அளவை அன்றைக்கே, வயிறு நிறைந்திருக்கும்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடையை அதன் அடியில் அழியாத பேனாவால் எழுதிவிட்டேன். சமைத்து முடித்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, எழுதியதைக் கழிப்பேன். எட்டுப் பங்கு என்றால் எட்டால் வகுத்து, ஒவ்வொரு டப்பாவையும் தராசில் வைத்து அந்த அளவுக்கு நிரப்புவேன். போட்ட சாமான்களின் கலோரியை ஒருமுறை கூட்டி எட்டால் வகுத்துவிட்டால் அந்தச் செய்முறைக்கு அது நிரந்தரம். தண்ணீர் கூடியதா குறைந்ததா என்ற கவலையே இல்லை, மொத்தத்தை எட்டாகத்தானே பிரிக்கிறோம். கரண்டிக் கணக்கில் இது முடியாது. நான் ஒருமுறை சோதித்தேன், என் "இரண்டு கரண்டி" ஒரு நாள் 380 கிராம், இன்னொரு நாள் 560.

மேலே போடுவதையும் எண்ணுங்கள். துருவிய சீஸ் 30 கிராம் என்றால் கைப்பிடிதான், ஆனால் 120 கலோரி. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அதேதான். நான் சீஸுக்குப் பதில் கெட்டித் தயிர் ஒரு கரண்டி போடுகிறேன்.

மாட்டுக்கறி, ஆட்டுக்கறி போட்டுச் செய்தவர்களுக்கு இன்னொரு வசதி: ஒரு இரவு பிரிட்ஜில் இருந்தால் கொழுப்பு மேலே வெள்ளையாக உறைந்துவிடும், கரண்டியால் தகடு மாதிரி எடுத்துவிடலாம். ஒருமுறை எடுத்ததை நிறுத்துப் பார்த்தேன், 70 கிராம். அறுநூறு கலோரிக்கு மேல் அப்படியே வெளியே போனது.

மழைக்குருவி

இரவுப்பணி, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பசிக்கும்போது கை கூடப் போடும் என்பது என் கதையேதான்.

ஃபிரீசரில் வைக்கலாமா? எட்டு டப்பா செய்தால் வாரம் முழுக்க பிரிட்ஜில் இருக்குமா?

ஆய்வுக்கூடம்

பிரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு. சரியாக ஆறவைத்தாலும் அவ்வளவுதான். ஞாயிறு செய்தால் திங்கள், செவ்வாய், புதனுக்கு உள்ளவை பிரிட்ஜில், மீதி எல்லாம் அன்றைக்கே ஃபிரீசரில். புதன் வரை பிரிட்ஜில் வைத்துவிட்டு, மிச்சம் இருக்கிறதே என்று அப்புறம் உறையவைப்பதில் பயன் இல்லை. மைனஸ் 18 டிகிரியில் கெட்டுப்போகாது, ருசிக்காக மட்டும் இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

இரவுப்பணி

உறையும்போது குழம்பு விரியும், அதனால் டப்பாவில் இரண்டு சென்டிமீட்டர் இடம் விடுங்கள். எனக்குக் கண்ணாடி டப்பா ஒன்று வெடித்து, ஃபிரீசர் முழுக்கச் சில்லு. இப்போது ஜிப் பைகளில் ஒரு பங்கு போட்டு, காற்றை வெளியேற்றி, தட்டில் தட்டையாகப் படுக்கவைத்து உறையவைக்கிறேன். உறைந்த பிறகு புத்தகம் மாதிரி நிற்க வைக்கலாம், இடமும் மிச்சம், சீக்கிரம் இளகவும் செய்யும். தேதியும் எடையும் பையிலேயே எழுதுங்கள், இரண்டு வாரம் கழித்து எல்லாப் பையும் ஒரே நிறமாகத்தான் தெரியும்.

உருளைக்கிழங்கு போட்டு உறையவைக்க வேண்டாம், மணல் மாதிரி ஆகிவிடும். தயிர், க்ரீம் எல்லாம் திரிந்துவிடும், சாப்பிடும்போதுதான் சேர்க்க வேண்டும். பீன்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ராஜ்மாவை மட்டும் சற்றே இறுக்கமாக, குழையாமல் இறக்குங்கள், சூடாக்கும்போது மீண்டும் வேகும். மிருதுவாக இருக்க வேண்டும், கரையக் கூடாது.

தணிந்தநெருப்பு

மறுநாள்தான் சில்லி சில்லியாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே சாப்பிட்டால் சீரகம் தனியாக, பூண்டு தனியாக, தக்காளிப் புளிப்பு தனியாகத் தெரியும். ஒரு இரவு கழிந்தால் பூண்டு வெங்காயத்தின் காட்டம் அடங்கி, உப்பும் மசாலாவும் பயறின் உள்ளே இறங்கி, மாவு கலந்து குழம்பு இறுகிவிடும். முன்கூட்டியே செய்து வைப்பதால் ருசி குறையாத உணவுகள் கொஞ்சம்தான், இது அதில் ஒன்று. அதனால் ஞாயிறு இரவு ருசி பார்த்துவிட்டுப் பயந்து மிளகாயைக் கூட்டாதீர்கள்.

மழைக்குருவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். என்ன நடந்தது என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

400 கிராம் ராஜ்மாவை உப்புத் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, கழுவி, குக்கரில் தனியாக வேகவைத்தேன். முதல் தடவையாக உள்ளேயும் மிருதுவாக வெந்தது. தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி அரை கிலோ அரைத்தது, காளான் 400 கிராம், வெங்காயமும் குடைமிளகாயும் மும்மூன்று, தக்காளி ஒரு கிலோ, தக்காளி விழுது மூன்று கரண்டி, தணிந்தநெருப்பு சொன்ன மசாலா, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு. ராஜ்மாவைச் சேர்த்த பிறகு முக்கால் மணி நேரம் சிறுதீயில் விட்டேன். அடிபிடிக்கிறது என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியோடு கிளற வேண்டியிருந்தது.

பாத்திரம் போக 3 கிலோ 600 கிராம் வந்தது. எட்டு டப்பா, ஒவ்வொன்றும் 450 கிராம். கூட்டிப் பார்த்தால் ஒரு பங்கு ஏறத்தாழ 330 கலோரி, புரதம் 26 கிராம், நார்ச்சத்து 12 கிராம். இவ்வளவு நாளும் நான் ஒரு வேளைக்கு எவ்வளவு சாப்பிட்டேன் என்று பார்க்க, பழைய கிண்ணத்தில் வழக்கம்போல நிரப்பி நிறுத்தேன். 790 கிராம். கிட்டத்தட்ட இரண்டு பங்கு.

இரண்டு பெரிய தட்டில் பரப்பி ஐஸ் தண்ணீரில் வைத்தேன். நாற்பது நிமிடத்தில் தெர்மாமீட்டர் 20 காட்டியது. மூன்று டப்பா பிரிட்ஜில், ஐந்து ஃபிரீசரில். மூன்று வாரத்தில் ஒன்றுகூடப் புளிக்கவில்லை. எடை ஒரு கிலோ நூறு கிராம் இறங்கியிருக்கிறது. மதியம் நான்கு மணிப் பசி இப்போது வருவதில்லை, அது எடையைவிட எனக்குப் பெரிய நிம்மதி. நெஞ்சுக்கறி மட்டும் சற்றே வறண்டுபோகிறது, அடுத்த தடவை தொடைக்கறியைப் பாதி கலக்கப் போகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். அலுவலகத்தில் மைக்ரோவேவில் சூடாக்கும்போது ஓரம் கொதிக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது.

ஆய்வுக்கூடம்

மைக்ரோவேவ் அப்படித்தான், கெட்டிக் குழம்பில் குளிர்ந்த திட்டுகளை விட்டுவிடும். முந்தின இரவே உறைந்த டப்பாவை ஃபிரீசரிலிருந்து பிரிட்ஜுக்கு மாற்றி இளகவிடுங்கள், மேசைமேல் வைத்து இளகவிட வேண்டாம். சூடாக்கும்போது இரண்டு கரண்டி தண்ணீர் விட்டு, மூடியை லேசாகத் திறந்து வைத்து, பாதியில் நிறுத்தி அடியோடு கிளறி, மறுபடி வைத்து, ஒரு நிமிடம் அப்படியே விடுங்கள். நடுவில் 74 டிகிரி வர வேண்டும். தெர்மாமீட்டர் இருக்கிறதே, இரண்டு மூன்று நாள் குத்திப் பாருங்கள், உங்கள் மைக்ரோவேவுக்கு எத்தனை நிமிடம் என்று பிடிபட்டுவிடும். ஒருமுறை சூடாக்கியதை மீதி வைத்து மறுபடி சூடாக்க வேண்டாம்.

மழைக்குருவி

சரி, நாளைக்கே பார்க்கிறேன். வியாழனுக்கான டப்பாவை இப்போதே பிரிட்ஜுக்கு மாற்றிவிட்டேன்.